எனக்கு முன்னால் ஓடைக்கரையில் நடந்தவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து மண்பாதையில் உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊரில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். விலங்கியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எதைப் பற்றி என்று கேட்டால் சொந்தக்காரர்கள் இப்போதும் சிரிப்பார்கள். நண்டைப் பற்றி.

சிரிக்கிற விஷயமில்லை அது. கடலில் பிறந்த உயிர்கள் எப்படித் தரைக்கு வந்தன, வந்தபின் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதுதான் என் கேள்வி. அந்த மலை நண்டு அதற்கு நல்ல சாட்சி. ஓடையிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் வளை தோண்டிக்கொண்டு வாழும். செவுளை ஈரமாக வைத்துக்கொண்டு, ஓட்டுக்குள் இருக்கும் அறையில் காற்றை வாங்கி மூச்சுவிடும். கடல் நண்டின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்துதான் வளரவேண்டும். இதற்கு அந்தத் தேவையே இல்லை. தாயின் வயிற்று மடிப்புக்குள்ளேயே முட்டை பொரிந்து, முழு நண்டாகவே குஞ்சுகள் இறங்கும். கடலை விட்டுப் பிரிந்து மலையேறிய ஒரு பிராணி எதையெல்லாம் மாற்றிக்கொண்டது என்று பார்க்கத்தான் நான் போனேன்.

எங்கள் வீடு மணலூர்பேட்டைப் பக்கம். அப்பா குத்தகைக்குக் கரும்பு போடுகிறவர். நான் மலைக்குப் போகிறேன் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. "மலையில உனுக்கு இன்னா வேல? சாராயம் காச்சறவன் ஜாஸ்தி. எவனையும் நம்பாத, ஒருத்தன் குடுக்கற தண்ணிகூட குடிக்காத" என்று சொல்லித்தான் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏற்றிவிட்டார். படித்தவள் என்ற நினைப்பில் அதைக் கேட்டுச் சிரித்தேன். ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். அவர் சொன்னது உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

நான் தங்கியது பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ஓர் அக்காவின் வீட்டில். கணவர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அக்காவும், பக்கத்துக் கூரை வீட்டில் அவருடைய தம்பியும், செவலை நிறத்தில் ஒரு நாயும்தான். சோறு நன்றாகப் போடுவார். பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

ஊரும் அப்படித்தான். டீக்கடைக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் கடைக்காரர் நேராகவே கேட்டார்.

"நண்ட எண்றதுக்குக் காலேஜ்ல படிப்பு இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

"நோட்டுல இன்னா எழுதற?"

"எத்தனை வளை, எத்தனை நண்டுன்னு."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் யாராவது சாராயம் காய்ச்சினால் ஓடைத் தண்ணீரை நம்பித்தான் காய்ச்சவேண்டும். அந்த ஓடைக்கரையில்தான் நான் தினமும் நோட்டும் கையுமாக ஏறி இறங்கினேன். நான் போலீசுக்குத் துப்பு சொல்ல வந்தவள் என்றுதான் பாதி ஊர் நினைத்தது. என்மேல் அவர்களுக்குச் சந்தேகம், அவர்கள்மேல் எனக்குச் சந்தேகம். இப்படியே முதல் இரண்டு வாரம் போனது.

இருபத்தைந்து வளைகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டிருந்தேன். நண்டுகளைப் பிடித்து முதுகு ஓட்டில் சிவப்பு நகப்பூச்சால் எண் எழுதி விட்டிருந்தேன். தினமும் காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். நண்டு வளை தோண்டும்போது மண்ணை உருண்டை உருண்டையாக வெளியே தள்ளும். அந்த உருண்டைகளைக் கையால் எடுத்துப் பையில் போட்டு, எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எடை பார்ப்பதும் என் வேலை.

மூன்றாவது வாரத்தில்தான் அந்த மனிதரைக் கவனித்தேன். ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, தோளில் ஒரு சாக்குப்பை, இடுப்பில் கொடுவாள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. நான் ஓடைக்கு வரும்போது எனக்கு முன்னால் கரையில் போய்க்கொண்டிருப்பார். நாலு அடி நடப்பார், நிற்பார், குனிவார். தரையிலிருந்து எதையோ மெதுவாக எடுத்துப் பைக்குள் வைப்பார். நான் கிட்டே வந்துவிட்டால் மரவள்ளிக்குள் நுழைந்து போய்விடுவார்.

முதல் நாள் யாரோ என்று விட்டேன். மறுநாளும் அதே நேரம், அதே நடை. அடுத்த நாளும்.

அந்த வாரத்தில்தான் என் நண்டுகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஏழாம் எண் வளை வெறுமையாக இருந்தது. அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு. வாரக் கடைசிக்குள் ஒன்பது வளைகளில் எண் போட்ட நண்டு இல்லை. ஆறு மாத வேலைக்கான அடிப்படை அது. அது குலைந்தால் நான் மறுபடி அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்கவேண்டும்.

யார் எடுத்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நண்டு ரசத்துக்காக எடுக்கிறார், அல்லது என்னை ஊரைவிட்டு விரட்ட எடுக்கிறார். இரண்டில் ஒன்று.

ஒரு காலையில் வேகமாக நடந்து அவரைப் பிடித்தேன்.

"என்ன எடுக்கறீங்கண்ணா?"

அவர் பையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. மூலிக."

"பையைக் காட்டுங்க."

"அதெல்லாம் நீ பாக்கக்கூடாது." குரலைத் தாழ்த்தி, "வெயில் ஏறனப்புறம் வாயேன். விடிஞ்சும் விடியாம இங்க இன்னாத்துக்கு வர்ற? கொல்ல ஓரமா போவாத. பாற மேலயே நடந்துக்கினு போ" என்றார்.

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கை கொடுவாள் பிடியில் இருந்தது. கொல்லை ஓரத்தில் ஏதோ சாராய ஊறல் பானை புதைத்திருக்கிறது, அதை நான் பார்த்துவிடக்கூடாது என்று நினைக்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"அந்தாளு ஒரு மாதிரி. நீ உன் வேலயப் பாத்துக்கினு போம்மா."

"அவரு பையில என்ன வச்சிருக்காரு?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

ஆனால் அக்காவின் தம்பி வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். வீட்டிலிருப்பவர்களும் இதில் கூட்டு என்று தோன்றியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கும்போதுகூட அப்பாவின் குரல் கேட்டது.

மறுநாள் அவர் குனியும்போது தூரத்திலிருந்து போனில் படம் எடுத்தேன். மதியம் வெள்ளிமலைக்கு நடந்து போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கீழே இறங்கி, காவல் நிலையம் ஒன்றில் படத்தைக் காட்டினேன். அங்கிருந்தவர் நான் சொன்னதை அரைக் காதாகக் கேட்டார். "நண்டு காணோம்னு கம்ப்ளெய்ண்டா?" என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

"நண்டு மட்டும் இல்ல சார். அவரு என்னை மிரட்டறாரு. கத்தியைக் காட்டி, இந்தப் பக்கம் வராதன்னு சொன்னாரு."

அவர் கத்தியைக் காட்டவில்லை. இடுப்பில் இருந்தது, அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் சொன்னேன். சொன்னவுடன் எதிரில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

மறுநாள் பிற்பகல் ஜீப் ஊருக்குள் வந்தது. சத்தம் கேட்டதுமே ஊரில் பாதி ஆண்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். அக்காவின் தம்பியையும் காணோம். அந்த மனிதர் மட்டும் தன் வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார். ஜீப் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி அக்காவிடம் சொன்னார்.

"நாளைக்கு இந்தப் பொண்ண வுட்ராத."

பழி வாங்கச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

காலையில் நான் பையை எடுத்ததும் கதவருகே வந்து நின்றார்.

"இன்னிக்குப் போவாதம்மா. மழ வரும்."

வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. "மழையெல்லாம் வராதுக்கா" என்றேன்.

"சொன்னா கேளு. ஒருநா போவலன்னா உன் நண்டு ஒண்ணும் ஓடிப்போவாது."

அப்படியென்றால் இன்றைக்கு ஓடையில் எதையோ அப்புறப்படுத்தப்போகிறார்கள். இதுதான் என் கணக்கு. சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துப் பின்பக்கமாக நழுவினேன். நாய் மட்டும் பின்னாலேயே வந்தது. விரட்டியும் போகவில்லை.

ஓடைக்கரையில் ஒருவருமில்லை. பாறைமேல் நடக்கச் சொன்னார் அல்லவா, வேண்டுமென்றே கொல்லை ஓரமாகவே நடந்தேன். ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துக்கொண்டு பதினான்காம் வளைக்கு வந்தேன். வளையின் வாயில் வழக்கம்போல மண் உருண்டைகள். அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு உருண்டை தனியாகக் கிடந்தது. மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிது, நிறமும் கருமை. இவ்வளவு தூரம் நண்டு தள்ளாதே என்று குனிந்தேன். கருவாட்டு வாடை லேசாக வந்தது. எடுப்பதற்கு முன்னால் நேரத்தைக் குறிக்கவேண்டும் என்பது பழக்கம். நோட்டு பையின் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பையைக் கழற்றிப் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் வைத்து, உட்கார்ந்து துழாவினேன்.

அதற்குள் நாய் அந்த உருண்டையை முகர்ந்து வாயில் கவ்விக்கொண்டு நாலடி ஓடியது.

வெடித்த சத்தத்தை நான் கேட்டதாகவே நினைவில்லை. நெஞ்சில் யாரோ பலகையால் அடித்தது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது காதில் ஒரே ரீங்காரம், வாய் நிறைய மண். முழங்கையில் இரண்டு இடத்தில் ரத்தம், அது சிராய்ப்புதான். பாறை மறைத்திருந்தது. எழுந்து பார்த்தேன். நாயின் உடல் கிடந்தது. அதன் முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மேலே பாதையில் அக்கா ஓடிவந்துகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. கையில் ஒரு நீளக் கழி. வாய் அசைவது தெரிந்தது, சத்தம் பிறகுதான் காதுக்கு வந்தது.

"அசையாத. அங்கியே நில்லு. கால எடுத்து வெக்காத."

பாறைகள் மேலேயே கால் வைத்து என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, தான் மிதித்த இடத்திலேயே மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு அடியாகக் கூட்டிப்போனார். நாயைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நின்றார். அது அவர் குட்டியிலிருந்து வளர்த்த நாய்.

மேட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அப்போதுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மரவள்ளி கிழங்கு வைக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி கொல்லையைத் தோண்டிப் போட்டுவிடும். அதற்காக ஊரில் சிலர் அவுட்டுக்காய் வைப்பார்கள். கருவாட்டு மணத்தோடு உருட்டி வைத்த வெடி. பன்றி கடித்தால் வாயிலேயே வெடிக்கும். சாயங்காலம் வைப்பார்கள், காலையில் மீந்ததை எடுத்துவிடவேண்டும், ஆனால் யாரும் ஒழுங்காக எடுப்பதில்லை. வைப்பவர்களில் அக்காவின் தம்பியும் ஒருவர்.

அந்த மனிதரும் ஒரு காலத்தில் வைத்தவர்தான். இரண்டு விரல் போனது அதில்தான். அன்றோடு விட்டுவிட்டார். நான் அந்த ஓடையில் வேலையை ஆரம்பித்ததும் அக்காதான் போய் அவரைக் கேட்டிருக்கிறார். எது எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க அவரைவிட்டால் ஆளில்லை. அன்றிலிருந்து அவர் விடிகிற நேரத்தில் எனக்கு முன்னால் அந்தக் கரையில் நடந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப்போய் எங்கேயோ ஆழமான தண்ணீரில் போட்டிருக்கிறார். நான் எழுதிவைத்த நேரங்கள் என் நோட்டில் இருக்கின்றன. நான் பார்த்தது மட்டும் பதினோரு காலைகள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். அழுகையில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எப்டி சொல்றது? நீ போலீசு ஆளுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சொன்னா எந்தம்பி உள்ள போவான்." முந்தானையால் என் முழங்கையைத் துடைத்தார். "உன்ன நாங்க நம்பலதான். அதுக்காவ சாவ வுட்ருவமா?"

ஜீப்பில் அந்த மனிதர் போனதும் அக்கா தம்பியைத் தேடியிருக்கிறார், விடிந்ததும் நீ போய்ப் பொறுக்கு என்று சொல்ல. தம்பி காட்டிலிருந்து திரும்பவே இல்லை. அதனால்தான் மழை வரும் என்று என்னிடம் பொய் சொன்னார். நேற்று ஜீப்பிலிருந்து அந்த மனிதர் சொன்னதற்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. 'வுட்ராத' என்றால் போகவிடாதே என்று.

அப்படியே எழுந்து கீழே போனேன். காவல் நிலையத்தில், அவர் என்னை மிரட்டவில்லை, கத்தியைக் காட்டவில்லை, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதி வாங்கியவர் என்னைத் திட்டியதெல்லாம் நியாயமான திட்டுதான். அந்த மனிதர் ராத்திரி முழுக்க அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பையில் என்ன எடுத்தாய் என்று கேட்டதற்குக் கடைசிவரை மூலிகை என்றே சொல்லியிருக்கிறார்.

சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாக ஏறினோம். அவர் ஜன்னலோரம், நான் பக்கத்து வரிசை. பஸ் கோமுகி அணையைத் தாண்டியது.

"நான் மெரட்டனேன்னு சொன்னியாமே" என்று அவரே ஆரம்பித்தார்.

"ஆமாண்ணா. பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"எம் பேச்சே அப்டித்தான் இருக்கும். எம் பொண்டாட்டியும் அதத்தான் சொல்லுவா" என்றார்.

கொஞ்ச தூரம் போனபின் நாயைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நான் முன்னாடியே வாயத் தொறந்திருக்கணும். எனுக்கும் ஊருக்கு பயந்தான்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவேயில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வாரம் ஊரில் பெரிய சண்டை நடந்தது. சண்டையை ஆரம்பித்தவர் அக்காதான். செத்தது நாய் என்பதால் பேசுகிறோம், நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எடுத்தால் என்ன செய்வீர்கள் என்று தம்பியையே நடுவில் நிறுத்திக் கேட்டார். வேறு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஓடைக்கரையில் வைப்பதில்லை என்று முடிவானது. மீந்ததையெல்லாம் அதிகாரிகளை வரவழைத்து ஒப்படைத்தார்கள். தம்பிமேல் வழக்கு வந்தது. அக்கா அதற்காக என்னிடம் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மலை முழுக்க இந்த வழக்கம் நின்றுவிட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இனி நண்டுகளைப் பற்றி. கரை பத்திரம் என்று ஆனபிறகு, நண்டு காணாமல் போன ஏழாம் எண் வளையை மெதுவாகத் தோண்டிப் பார்த்தேன். ஒரு முழம் ஆழத்தில் நண்டு இருந்தது. மெத்தென்று, புது ஓடு இறுகாமல். முதுகில் எண் இல்லை. பக்கத்தில் பாதி தின்ற பழைய ஓட்டின் துண்டு, அதில் சிவப்பில் என் கையெழுத்து. வளரும்போது நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, புதிது கெட்டியாகும்வரை உள்ளே பதுங்கிக்கொள்ளும். முதல் வருட மாணவிக்கே தெரிந்த பாடம். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நாட்களில் ஒருதடவைகூட அது நினைவுக்கு வரவில்லை. கையிலேயே ஒரு திருடன் இருக்கும்போது வேறு காரணத்தை யார் தேடுவார்கள்?

ஒன்பது வளைகளில் ஏழில் இதேதான். மீதி இரண்டு நண்டுகள் எங்கே போயின என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆய்வேட்டில் 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எதையும் சந்தேகப்படு என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது, உன் சந்தேகத்தையும் சேர்த்து என்று சொல்லாமல் என்னால் அந்த வாக்கியத்தை முடிக்க முடிவதில்லை. நம்பிக்கை இருந்தால்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் துளியும் நம்பாத ஒரு வீடு, நான் துளியும் நம்பாத ஒரு மனிதரைத் தினமும் எனக்கு முன்னால் நடக்கவிட்டு என் உயிரைக் காத்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை தாழ்ந்துவிடுகிறது.